ஐந்தாம் பகுதியில் எதில் டிக் போடுவது?

முதலாண்டு வகுப்புகள் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு தாள் வரும். 'பகுதி 5: விரிவாக்கப் பணி' என்று தலைப்பு. கீழே என்சிசி, என்எஸ்எஸ், ஒய்ஆர்சி, ஆர்ஆர்சி, விளையாட்டு என்று கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். மொத்தமே ஒரு கிரெடிட்தான் என்பதால், பக்கத்து பெஞ்சுக்காரர் எதில் போட்டாரோ அதிலேயே போட்டுவிட்டுப் பிள்ளைகள் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள்.

போன வருஷம் ஒரு மாணவி மட்டும் தாளோடு எங்கள் வேதியியல் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். விடிந்ததும் பஸ் பிடித்தால்தான் முதல் வகுப்புக்கு வர முடியும். சாயங்காலம் நான்கு மணியிலிருந்து எட்டு வரை தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. "சார், எதுல போட்டா கடைக்கு லீவு போடாம இருக்கலாம்?" என்று கேட்டாள்.

சோம்பேறித்தனம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சேவை பற்றிய துண்டறிக்கைகள் எல்லாமே, மாணவருக்கு மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் சும்மா கிடக்கின்றன என்று நினைத்து எழுதப்பட்டவை. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்படி இல்லை. கேட்டரிங், மெடிக்கல் ஷாப், அப்பாவோடு தோட்டத்து வேலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆகவே கட்டங்களை இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறேன். இது உங்களிடமிருந்து எத்தனை மணி நேரம் எடுக்கும்? செய்கிற வேலையை யார் கேட்டார்கள்? இரண்டாவது கேள்வியை நான் மாணவனாக இருந்தபோது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விளையாட்டை விட்டுவிடுகிறேன். ஓடத் தெரிந்தவருக்கு என் யோசனை தேவைப்படாது.

நேர விஷயத்தில் மிகக் கறாரானது என்சிசி என்கிற தேசிய மாணவர் படை. வாரந்தவறாமல் பரேடு. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. பத்து நாள் முகாம் தனி. இரண்டு ஆண்டு முடிந்தால் 'பி' சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் 'சி'. இடங்களும் குறைவு, உயரமும் ஓட்டமும் பார்த்துத்தான் எடுப்பார்கள். சுயநிதித் திட்டத்தில் நடக்கும் பிரிவு என்றால் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பரேடு முடிந்து தரும் பூரிக்காகச் சேர்ந்தோம் என்று சொல்லும் பழைய மாணவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. நம்பாதீர்கள், அந்த வெயிலில் மூன்று வருஷம் நிற்கப் பூரி போதாது.

ஆனால் கொடுத்த நேரத்துக்குக் கைமேல் பலன் தருவதும் இதுதான். பட்டப்படிப்பில் 50 சதவீதமும், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்து, வயது 25ஐத் தாண்டாமல் இருந்தால், ராணுவ அதிகாரிக்கான என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் தேர்வானால் நேரே எஸ்எஸ்பி என்கிற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல்தான். அதில் தேறியவர்கள் பலருக்குப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலேயே பயிற்சி. காவலர் தேர்விலும் சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் தருகிறார்கள். எவ்வளவு என்பது மாறும், அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பாருங்கள். சீருடை வேலைதான் கனவு என்றால் மேலே யோசிக்க வேண்டாம், இதில் போடுங்கள். இது சமூக சேவையா என்று கேட்டால் ஓரளவுக்கு என்பேன். 2020 ஊரடங்கில் மாணவர்கள் வரிசை ஒழுங்குபடுத்தவும் நிவாரணம் பிரிக்கவும் போனார்கள். மற்றபடி அதன் நோக்கம் பயிற்சி. அதை அது மறைப்பதும் இல்லை.

என்எஸ்எஸ் பிறந்த கதையிலும் என்சிசிக்கு இடம் உண்டு. 1962இல் சீனாவோடு போர் வந்தது. அடுத்த ஆண்டே கல்லூரிகளில் என்சிசி கட்டாயமானது. 1968இல் கட்டாயம் நீங்கியது. ராணுவப் பயிற்சி வேண்டாம் என்பவர்களுக்கு வேறென்ன தருவது என்று யோசித்தவர்கள், காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் சின்னத்தில் இருப்பது கொனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். எட்டு ஆரங்களும் எட்டு ஜாமம், அதாவது 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று பொருள். ஜவுளிக்கடைப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "எட்டுல ரெண்டு ஜாமம் தூங்கிக்கலாமா சார்?" என்றாள்.

கணக்கு இதுதான். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டும் முடித்தால் சான்றிதழ். 120 மணி நேரம் பெரிதாகத் தெரிந்தாலும் சனிக்கிழமைகளில் பிரித்துக் கொடுத்துவிடலாம். இடிப்பது அந்த ஏழு நாள்தான். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அது ஒரு வாரச் சம்பளம். வீட்டில் விடாத பெண்பிள்ளைக்கு ஏழு இரவு. முகாம் எந்த மாதம், பெண்களுக்குத் தங்குமிடம் எது, கூட வரும் ஆசிரியை யார் என்று டிக் போடும் முன்பே கேட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

நான் படித்தது ராமநாதபுரம் சீமையில். இரண்டாம் ஆண்டில் எங்கள் முகாம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில். வேலை, சீமைக் கருவேலம் அகற்றுவது. ஏழு நாளும் கை கிழிய வெட்டினோம், பேனர் பிடித்துப் படம் எடுத்தோம், கடைசி நாள் வடை பாயசத்தோடு சாப்பிட்டோம். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆத்தா கேட்டார்: "எல்லாத்தையும் வெட்டிப்புட்டா நாங்க எங்கிட்டுப்பா மூட்டம் போடுறது?" அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு, கருவேல விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம்தான் கோடைக்காலப் பிழைப்பு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வேலையைச் செய்யச் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போனேன். நாங்கள் அடிமரத்தை விட்டு வெட்டிய இடத்திலெல்லாம் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து இடுப்பளவு நின்றது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் வெட்டினால் கவாத்து செய்த மாதிரிதான். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊரெங்கும் கருவேலம் அகற்றும் வேலை நடந்தபோது எனக்கு அந்த ஆத்தாவின் நினைப்புதான். கருவேலம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்ற வாதமும் உண்டு. ஆனால் மூட்டம் போடுகிறவரைக் கேட்காமல் அதை முடிவு செய்வதை எந்தக் கணக்கில் சேவை என்பது?

இதனால் என்எஸ்எஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னாளில் நானே மூன்று வருஷம் திட்ட அலுவலராக இருந்திருக்கிறேன். ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கவும், தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கவும், பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் படுத்து ஊர்க்கதை பேசவும் வேறெந்தக் கட்டமும் கற்றுத்தராது. இன்னொன்றும் உண்டு. வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போகும்போது ஊர்த்தெருவுக்கு யார் வழிகாட்டுகிறார், காலனிப் பக்கம் வரும்போது அவர் எங்கே நின்றுகொள்கிறார் என்பதைக் கவனித்த பிள்ளைகள் இரவுக் கூட்டத்தில் வேறு மாதிரி பேசுவார்கள். அந்தப் பேச்சை வளரவிடுகிற திட்ட அலுவலரும் உண்டு, "அரசியல் வேண்டாம்" என்று விளக்கை அணைக்கச் சொல்பவரும் உண்டு. என்எஸ்எஸ் நன்றாக இருக்குமா என்பதற்கு விடை, திட்ட அலுவலர் யார் என்பதில்தான் இருக்கிறது. சீனியர்களிடம் விசாரியுங்கள்: எத்தனை வருஷமாக அதே கிராமம்? முகாம் இல்லாத மாதத்தில் ஒரு தடவையாவது போனீர்களா? ரெண்டுக்கும் சீனியர் விழித்தால் வேறு கட்டத்தைப் பாருங்கள்.

ஒய்ஆர்சி என்கிற இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும், ஆர்ஆர்சி என்கிற செஞ்சுருள் சங்கமும் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவ்வப்போது ஒரு கூட்டம், ஒரு முதலுதவிப் பயிற்சி, ரத்ததான முகாம், ஓர் ஊர்வலம். தங்கல் முகாம் பெரும்பாலும் இருக்காது. குறை என்னவென்றால், பல கல்லூரிகளில் இவை பெயருக்கு மட்டும் இருக்கின்றன. எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 அன்று சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்வதோடு வருஷம் முடிந்துவிடும்.

அப்படி முடியக் கூடாத விஷயம் அது. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிய ஒரு மாணவி, ரத்த மாதிரிகளைச் சேகரிக்க ஊரில் எங்கெங்கோ அலைந்ததில் வந்த கண்டுபிடிப்பு. அதையே படிப்போடு சேர்ந்த சேவைக்கு நல்ல உதாரணமாக ஆர்ஆர்சி கூட்டத்தில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. எச்ஐவி பற்றிக் கேட்க உள்ள 1097 என்ற இலவச உதவி எண்ணை வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ரத்ததானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். எங்கள் முகாம்களில் வரிசையில் நிற்கும் பெண்களில் நிறையப் பேர் அந்த 12.5இல்தான் திரும்பிப் போகிறார்கள். முகாம் முடிந்ததும் எத்தனை யூனிட் சேர்ந்தது என்று நன்றியுரையில் சொல்வார்கள். எத்தனை பெண்கள் சோகையால் திரும்பினார்கள் என்று ஒரு வருஷம் நான் எழுதிக் கொடுத்தேன், அதைப் படிக்காமலே தாண்டிவிட்டார்கள். ஒரு சங்கம் உருப்படியாக ஏதாவது செய்ய நினைத்தால் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.

இனி, தாளில் கட்டமாக அச்சாகாத ஒன்று. பாடத்தோடு சேர்ந்த களப்பணி. சேவைவழிக் கற்றல் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1960களில் உருவான சொல். அங்கே இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டன. காரணம், அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். தனியாக நேரம் கேட்டால் வர முடியாது, பாட நேரத்துக்குள்ளேயே வைத்தால்தான் உண்டு. நம் பக்கம் மதுரை லேடி டோக் கல்லூரியில் இதற்கென்று தனி மையமே இருக்கிறது. காந்திகிராமத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பழைய வழக்கம்.

நான் வேதியியல் வாத்தியார் என்பதால் இதில் எனக்குச் சாய்வு உண்டு, கொஞ்சம் கழித்துப் படியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் காவி படியும், இன்னும் கூடினால் மூட்டும் முதுகும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் பழைய கைப்பம்புக்குத்தானே போவார்கள்? அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வருவார்கள். கண்ணாடி கூடாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும் என்பது பாடம். ஸ்பேட்ன்ஸ் என்ற சிவப்புச் சாயக் கரைசலை ஊற்றினால், ஃபுளோரைடு கூடக் கூடச் சிவப்பு வெளுத்துக்கொண்டே போகும். நிறமானியில் அளந்து வரைபடம் போட்டால் ஒரு செய்முறைப் பாடம் முடிந்தது.

முதல் வருஷம் அங்கேயே நிறுத்திவிட்டோம். ரெக்கார்டு நோட்டில் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன், மதிப்பெண்ணும் போட்டேன். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "சார், தண்ணி எடுத்துக்கிட்டுப் போனீங்களே, என்னாச்சு?" டீ தொண்டையில் இறங்கவில்லை. கருவேலம் வெட்டிய முகாமைக் குறை சொன்ன நான் செய்தது அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அவர்கள் தண்ணீரை எங்கள் பாடத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். மறுவருஷத்திலிருந்து, முடிவு சொல்லும் நாளை முதலிலேயே குறித்துக்கொள்கிறோம். கல்லூரி ஆய்வகத்து எண் அதிகாரபூர்வமானதல்ல. அதனால் கூடுதலாகக் காட்டிய கிணறுகளின் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, ஊராட்சிச் செயலரிடம் சொல்லிவிட்டு, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிறோம்.

வேதியியலுக்குத்தான் இது பொருந்தும் என்றில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கியது இதே தர்மபுரியில். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு குழு இருக்கும், அதன் ஊக்குநரிடம் பாதி எழுதிய சேமிப்புப் பேரேடும் கடன் பேரேடும் இருக்கும். வங்கிக்காரர் கணக்குக் கேட்கிற வாரத்தில் பிகாம் பிள்ளை ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குப் பேரேடு எழுதப் பழக்கம், அவர்களுக்குக் கடன் கிடைக்கும். இந்த வேலையை நாம் தேடிப் போக வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த வாய்ப்புள்ள கல்லூரிகள் கொஞ்சம். ஓர் ஆசிரியரை நம்பி ஓடும், அவருக்கு இடமாற்றம் வந்தால் அதோடு நிற்கும். காவலர் தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. மதிப்பெண்ணுக்காக வேண்டா வெறுப்பாக வரும் பிள்ளையை ஊர்க்காரர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். இருந்தும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. வகுப்பு நேரத்திலேயே நடக்கிறது, ஏழு நாள் கேட்பதில்லை.

நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரிகளில் ஓராண்டுப் பட்டயம் படிப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய அந்த வகைக் கல்லூரிகளில் படிப்பே கைத்தொழிலையும் நேரடிப் பயிற்சியையும் சேர்த்துத்தான். இரண்டு ஆண்டு கேட்கும் 240 மணிக் கணக்கு ஓராண்டுப் படிப்பில் எப்படி அடங்கும்? மருத்துவ உதவியாளர் பயிற்சி பெறுகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முகாம் நாளில் போய் நின்றால் அதுவே போதும்.

கடைசியாக, எந்தக் கல்லூரியும் கட்டம் போட்டுத் தராத ஒன்று: கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர், யார் அனுமதியும் வேண்டாம். 17 வயதிலேயே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளில் எது 18 நிரம்பியபின் முதலில் வருகிறதோ அதைக் கணக்கில் எடுத்துப் பெயர் சேர்ப்பார்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 வரை என்றால் 100 பேரும் வந்தாக வேண்டும். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்து அந்த எண்ணிக்கையைக் காட்டுவதால், கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவர் எழுந்து வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொன்னாலே கூட்டம் திரும்பிப் பார்க்கும். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏரியா சபை உண்டு. வருஷத்துக்கு ஆறு அரை நாள், சான்றிதழ் இல்லை, பயணப்படி இல்லை. ஆறில் பெரும்பாலானவை அரசு விடுமுறை நாட்கள். ஜவுளிக்கடை மட்டும் திறந்திருக்கும்.

அந்தப் பெண் ஒய்ஆர்சியில் டிக் போட்டாள். நான்தான் போடச் சொன்னேன். 18 முடிந்து முதல் முகாமில் வரிசையில் நின்றவளுக்கு ஹீமோகுளோபின் 10.8 என்று வந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள், இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு. போன வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து, பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். அவர்கள் தெருக் கைப்பம்புத் தண்ணீர். மேலே பேனாவால் தேதியும் இடமும் எழுதியிருந்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. யார் கேட்டார்கள் என்றேன். "எங்க அம்மா" என்றாள். ஸ்பேட்ன்ஸ் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பாட்டில் இப்போது அலமாரியில் இருக்கிறது.